தையல் மெஷினுக்கு மேலே எந்த விளக்கைப் போடுவது?

பேரணாம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷீட் கூரை போட்ட கூடம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு மெஷின். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். கணக்கு வழக்கு அம்மா கையில். மெஷின், கரண்ட், லைட்டு என் கையில். அங்கிருந்த பதினெட்டு சோக்கு ட்யூப் லைட்டுகளை மாற்றலாம் என்று முடிவெடுத்தபோது அதை அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். கடைசியில் நான்கு மாதம் பிடித்தது. என்னென்ன பார்த்தேன், எதை ஏன் தள்ளினேன் என்று எழுதி வைக்கிறேன். நம் பக்கத்தில் மெஷின் ஓடும் கூடம் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த முடிவு ஒரு நாள் வரும்.

மின்சாரக் கணக்கு சுலபமானது. 40 வாட் ட்யூப், அதன் சோக்கு தின்கிற 10 வாட்டோ கொஞ்சம் கூடவோ, ஆக ஒன்றுக்கு சுமார் 50 வாட். எல்.இ.டி. ட்யூப் 20 வாட். பதினெட்டும் பத்து மணி நேரம் எரிந்தால் 9 யூனிட் ஆகிற இடத்தில் 3.6 யூனிட்தான் ஆகும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதனால் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த எல்.இ.டி. ட்யூப்பில் ஆறு வாங்கி, முதல் வரிசைக்கு மட்டும் போட்டுப் பார்த்தோம். பளிச்சென்று எரிந்தது. கறுப்புத் தோலில் கறுப்பு நூல் தெரிகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாவது வாரம் சித்தி உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டார். ஒரு தையல் முடிந்து பெடலை விட்டவர், வீல் நின்றுவிட்டது என்று நினைத்து, ஊசியைத் தூக்குவதற்காக ஹேண்ட் வீலில் கை வைத்திருக்கிறார். வீல் நிற்கவில்லை. இருபது வருடமாக மெஷினில் உட்காருகிறவர் அவர். "நின்னு போச்சுன்னு பார்த்துட்டுத்தான்பா கை வெச்சேன்" என்றார். பன்னிரண்டு மெஷின் ஓடும் சத்தத்தில் எது நின்றது, எது ஓடுகிறது என்று காது சொல்லாது. கண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கண்ணை நான் மாட்டிய விளக்கு ஏமாற்றிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். "லைட்டு ஆடலையே தம்பி, நல்லாத்தானே எரியுது" என்றார். நானும் அண்ணாந்து பார்த்தேன். ஆடவில்லை. விஷயத்தைப் பிடித்தது மார்க்கிங் போடுகிற அக்கா. தோலில் கோடு போடும் சில்வர் பேனாவைப் பக்கத்து மேஜைக்கு நீட்டும்போது, "இந்த லைட்டுக்குக் கீழே மட்டும் பேனா அஞ்சாறா தெரியுதுப்பா" என்றார். வாங்கி நானே வீசிப் பார்த்தேன். பழைய ட்யூப்புக்குக் கீழே பேனா ஒரு வெளிறிய விசிறி மாதிரி கலங்கித் தெரிந்தது. புது ட்யூப்புக்குக் கீழே தனித்தனிப் பேனாக்கள், சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு நின்றன.

கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை உச்சத்தைத் தொடும். விளக்கு இரண்டு முறையும் எரிந்து, நடுவில் மங்கும். ஆக, நொடிக்கு 100 சிமிட்டல். கால் நொடியில் பேனாவை இரண்டு அடி தூரம் வீசினால் 25 சிமிட்டல்; ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஒரு பேனா. ஹேண்ட் வீலும் இப்படித்தான். நிமிடத்துக்கு 1500 தையல் என்றால் வீல் நொடிக்கு 25 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு நான்கு சிமிட்டல். வீலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால் நான்கு கோடு அசையாமல் நிற்கும். 2000 தையலில் மூன்று கோடு. வேகம் இதிலிருந்து துளி குறைந்தால் கோடுகள் மெதுவாகப் பின்பக்கம் ஊர்வது போலத் தெரியும். பெடலை விட்டு வீல் வேகம் குறையும்போது இந்த வேகங்களை எல்லாம் கடந்துதான் வருகிறது. சித்தி பார்த்தது அப்படி ஒரு கணத்தைத்தான்.

கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது

விளக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன். நான் முதலில் இதைத்தான் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன்.

மெதுவான சிமிட்டலில் கண் கெட்டிக்காரக் கண். பைக்கில் ஒரு இண்டிகேட்டர் பல்பு போய்விட்டால் மற்றது படபடவென்று வேகமாக அடிக்கும். யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடும். நொடிக்குப் பத்து, இருபது என்று ஏற ஏற எண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் துடிப்பது மட்டும் நன்றாகத் தெரியும். சொல்லப்போனால் 10 முதல் 20 வரைதான் கண்ணை அதிகம் உறுத்துகிற இடம். அதற்கு மேலே போகப் போக உறுத்தல் குறைந்து, ஏறத்தாழ 50, 60-ஐத் தாண்டும்போது சிமிட்டல் எல்லாம் ஒன்றாகக் கலந்து தொடர்ந்த வெளிச்சமாகிவிடுகிறது. சினிமாவில் நொடிக்கு 24 படம்தான். ஆனால் பழைய புரொஜக்டரின் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு, மூன்று முறை வெட்டிக் காட்டி 48 அல்லது 72 ஆக்கிவிடும். இல்லையென்றால் திரை துடிப்பது பொறுக்க முடியாததாக இருந்திருக்கும்.

இந்த எல்லை எல்லோருக்கும், எல்லா நேரமும் ஒன்றில்லை. வெளிச்சம் கூடினால் எல்லை மேலே போகும். இதை ஃபெரி–போர்ட்டர் விதி என்கிறார்கள். சிமிட்டுகிற பரப்பு பெரிதானாலும் மேலே போகும். அது கிரானிட்–ஹார்ப்பர் விதி. நேராகப் பார்ப்பதைவிட ஓரக்கண் சிமிட்டலைச் சீக்கிரம் பிடித்துவிடும். நம் வீட்டில் இருந்த பெட்டி டி.வி. 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 துடிப்பு. நேராகப் பார்த்தால் ஒழுங்காக இருக்கும், சுவரைப் பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் கவனித்தால் துடிக்கும். பழசாகி நுனி கறுத்த ட்யூப் லைட்டின் ஓரம் மட்டும் துடிப்பது போலத் தெரிவதும் இதனால்தான். ஒரு பக்க முனை தேய்ந்தால் அந்த இடத்தில் 100-க்குப் பதில் 50 துடிப்பு கலந்துவிடும். 50 கண்ணின் எல்லைக்கு உள்ளே வருகிறது.

எல்லையைத் தாண்டிவிட்டால்? அங்கேதான் சிக்கல். 100 ஹெர்ட்ஸ் விளக்கையும் 120 ஹெர்ட்ஸ் விளக்கையும் 1000 ஹெர்ட்ஸ் விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேராகப் பார்க்கச் சொன்னால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கண் சராசரி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. டால்பட்–ப்ளாட்டோ விதி என்று இதற்கும் பெயர் உண்டு. கடையில் அண்ணாந்து பார்த்து வாங்குகிற நாம் அத்தனை பேரும் இந்தச் சராசரியைத்தான் பார்க்கிறோம்.

ஆனால் ஏதாவது அசைந்தால் கதை மாறிவிடும். பொருள் அசைந்தாலும் சரி, கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவினாலும் சரி. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நுணுக்கமான ஓரங்கள் உள்ள படத்தைக் காட்டியபோது 500 ஹெர்ட்ஸ் சிமிட்டலின் தடயம்கூட மனிதர்களுக்குத் தெரிந்தது. ராபர்ட்ஸ், வில்கின்ஸ் இருவரின் ஆய்வில், கண் தாவும் நேரத்தில் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலும் தெரிந்தது. இரவில் சில கார்களின் பின் விளக்கைத் தாண்டிக் கண்ணைச் சட்டென்று திருப்பினால் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியுமே, அதுதான். தையல்காரரின் கண் ஊசிக்கும் தோலின் விளிம்புக்கும் நாள் முழுக்கத் தாவிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. இதே வில்கின்ஸும் மற்றவர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு. இங்கிலாந்தில் ஓர் அலுவலகத்தில், சாதாரண சோக்கில் 100 ஹெர்ட்ஸாக எரிந்த ட்யூப்களையும், நொடிக்கு முப்பதாயிரத்துக்கும் மேல் துடிக்கும் எலக்ட்ரானிக் சோக்கில் எரிந்த ட்யூப்களையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எது எப்போது என்று வேலை செய்தவர்களுக்குச் சொல்லவில்லை. வேகமான விளக்கின் கீழ் தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன. கண்ணுக்குத் தெரியாத சிமிட்டல் தலைக்குத் தெரிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொள்ளும் பெண்களை எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

வேகம் ஒன்றுதான், ஆழம் வேறு

சோக்கு ட்யூப்பும் 100, மலிவு எல்.இ.டி.யும் 100. பிறகு ஏன் ஒன்றில் பேனா கலங்குகிறது, இன்னொன்றில் வெட்டி வைத்தது போல நிற்கிறது? ஒவ்வொரு சிமிட்டலிலும் வெளிச்சம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். உச்ச வெளிச்சத்திலிருந்து அடி வெளிச்சத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஆழம் சதவீதமாகக் கிடைக்கும். குண்டு பல்பின் கம்பி சூடு ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுவதால் ஆழம் மிகக் குறைவு. ட்யூப்பின் உள்பூச்சு கொஞ்சம் நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும் என்பதால் நடுத்தரம். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதமே கிடையாது. கரண்ட் பூஜ்யமானால் வெளிச்சமும் அந்தக் கணமே பூஜ்யம். உள்ளே இருக்கிற டிரைவர் கரண்ட்டைச் சமன் செய்து கொடுத்தால் ஆழம் ஒன்றிரண்டு சதவீதம். கொடுக்காவிட்டால் 100 சதவீதத்தைத் தொடும்.

எவ்வளவு ஆழம் தாங்கும்? மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ. 2015-இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரை ஒன்று உண்டு. 90 ஹெர்ட்ஸுக்கு மேல், ஹெர்ட்ஸை 0.08-ஆல் பெருக்கினால் வருகிற சதவீதத்துக்குள் ஆழம் இருந்தால் ஆபத்து குறைவு என்கிறது. நம் 100 ஹெர்ட்ஸுக்கு அது 8 சதவீதம். 1250 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் முழு ஆழமும் பரவாயில்லை. ஐரோப்பாவில் 2021 செப்டம்பரிலிருந்து இதற்கென ஓர் அளவுகோல் வைத்து விளக்குகளைக் கட்டுப்படுத்துகிறார்கள், 2024 செப்டம்பரில் அதை இன்னும் இறுக்கிவிட்டார்கள். நம் கடைகளில் நான் புரட்டிப் பார்த்த பெட்டிகளில் வாட் இருக்கிறது, வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென் இருக்கிறது, வோல்டேஜ் இருக்கிறது. சிமிட்டலின் ஆழம் ஒன்றில்கூட அச்சாகவில்லை. அச்சாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு லூமெனைவிட அது முக்கியம்.

எங்கள் முன்னால் இருந்த வழிகள்

பழைய சோக்கு ட்யூப்பையே வைத்துக்கொண்டு, மூன்று ஃபேஸில் பிரித்துப் போடுவது ஒரு வழி. பழைய மில்களில் செய்வது. எங்களுக்கு மோட்டாருக்காக த்ரீ ஃபேஸ் இருக்கிறது. அடுத்தடுத்த ட்யூப் ஆர், ஒய், பி என்று வேறு வேறு ஃபேஸில் இருந்தால் ஒன்று மங்கும்போது மற்றது எரியும். மூன்றும் சமமாக விழும் இடத்தில் ஆட்டம் ஏறக்குறைய முழுதாக அடங்கிவிடும். செலவு ஒயர் மட்டும்தான். ஆனால் எங்கள் கூரை தாழ்ந்தது. ஒரு மெஷினுக்கு மேலே ஒரு ட்யூப்தான் பெரும்பங்கு வெளிச்சம் தருகிறது, மற்ற இரண்டும் தூரத்தில். அதோடு, நியூட்ரல் ஒரு இடத்தில் விட்டுப்போனால் ட்யூப்களுக்கு 400 வோல்ட் வரை ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. உயரமான கூரையும் நல்ல எலக்ட்ரீஷியனும் இருக்கிற இடத்தில் இது இன்றைக்கும் மதிப்பான வழி. எங்களுக்குப் பொருந்தவில்லை.

அதே ட்யூப்புக்கு எலக்ட்ரானிக் சோக்கு மாட்டலாம். ஆட்டப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். ஆனால் நல்ல ட்யூப் கிடைப்பதே குறைந்துகொண்டு வருகிறது, உள்ளே பாதரசம், உடைந்தால் தோலின் மேல் கண்ணாடித் தூள். விட்டுவிட்டேன்.

மலிவு எல்.இ.டி. பற்றிச் சொல்லியாகிவிட்டது. அந்த ஆறில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். டி.ஓ.பி. (டிரைவர் ஆன் போர்டு) என்று கடைக்காரர்கள் சொல்லும் வகை: எல்.இ.டி. ஒட்டிய பட்டையிலேயே இரண்டு மூன்று சின்ன சிப், டிரைவர் என்று தனிப் பெட்டி இல்லை, கரண்ட்டைச் சமன் செய்யும் கெபாசிட்டர் பெயருக்குக்கூட இல்லை. எல்லா டி.ஓ.பி.யும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், கெபாசிட்டர் வைத்ததும் வருகிறது. மாடிப்படிக்கும் கொல்லைப்புறத்துக்கும் இது போதும். சக்கரம் சுற்றும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

தனி டிரைவர் வைத்த எல்.இ.டி. ட்யூப்தான் நாலாவது. மலிவானதற்கும் இதற்கும் ஒரு ட்யூப்புக்கு உள்ள விலை வித்தியாசம், ஆம்பூரில் ஒருவர் பிரியாணி சாப்பிடுகிற செலவுதான். எங்கள் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், அப்போதும் இவை வெளிச்சம் குறையாமல் எரிகின்றன. இதற்கும் ஒரு குறை உண்டு. டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் சூட்டில் காய்ந்து போகும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு. வேலூர் வெயிலில் ஷீட் கூரைக்கு ஒரு அடி கீழே என்ன சூடு இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெபாசிட்டர் காய்ந்த விளக்கு அணையாது. எரிந்துகொண்டே ஆழமாக ஆட ஆரம்பிக்கும். அதனால் பட்டியை ஷீட்டோடு ஒட்டி அடிக்காமல் சங்கிலியில் ஒன்றரை அடி இறக்கித் தொங்கவிட்டோம். காற்று போகிறது, வெளிச்சமும் மேஜைக்குக் கிட்டே வந்தது.

கடைசி வழி, மேலே எதுவாக இருந்தாலும் ஊசிக்குப் பக்கத்தில் டி.சி. அடாப்டரில் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கு, காந்தம் வைத்து மெஷினில் ஒட்டுவது. நல்ல அடாப்டர் என்றால் ஆட்டம் அநேகமாக இல்லை. தைக்கிற இடத்தில் நிழலே விழாது. ஹேண்ட் வீல் பக்கம் மட்டும் இதன் வெளிச்சம் போகாது. அங்கே மேலே இருக்கிற விளக்குதான் ஆளும். ஆகவே இது கூடுதலுக்குச் சரி, மாற்றுக்குச் சரியில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதை வாங்கினால் குறைத்து வைத்தும் சோதித்துப் பாருங்கள். பல விளக்குகள் முழு வெளிச்சத்தில் ஒழுங்காக இருந்துவிட்டு, குறைத்தவுடன் விட்டு விட்டு எரிய ஆரம்பிக்கின்றன.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது

வேலூரில் ஏறி இறங்கிய கடைகளில் ஒரு கடைக்காரர், "எது ஆடுது, கண்ணுக்கு ஏதாவது தெரியுதா சொல்லுங்க தம்பி" என்றார். நான் சட்டைப்பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்து வீசிக் காட்டினேன். அவரே வாங்கி வீசிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறு இரண்டு ட்யூப் எடுத்து வந்து மாட்டினார். பின்னால் கறுப்புத் துணியோ இருட்டான கதவோ இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மற்ற விளக்குகளை அணைக்கச் சொல்ல வேண்டும். பகல் வெளிச்சம் கலந்தால் எல்லாமே நல்ல விளக்காகத் தெரியும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பம்பரம் இருக்கும். அதன் தலையில் சாக்பீஸால் நான்கு பட்டை போட்டுச் சுற்றவிட்டாலும் போதும். பட்டைகள் நின்று, பின்னால் நகர்ந்து, மறுபடி நின்றால் அந்த விளக்கை வாங்காதீர்கள்.

செல்போன் கேமராவையும் எல்லோரும் சொல்கிறார்கள். உதவும், ஆனால் கவனம் வேண்டும். சாதாரண வீடியோவில் போனே 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு கோடுகளை மறைத்துவிடும். ப்ரோ மோடில் ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கோடு வருகிறதா என்பதைவிட, கோடு எவ்வளவு கறுப்பு என்று பாருங்கள். லேசான சாம்பல் பட்டை என்றால் ஆழம் குறைவு. கரியாகத் தெரிந்தால் விளக்கு அந்தக் கணம் அணைகிறது என்று அர்த்தம்.

நாங்கள் எடுத்த முடிவு: மேலே பதினெட்டும் தனி டிரைவர் வைத்த எல்.இ.டி., சங்கிலியில் தொங்கவிட்டு. நுணுக்கத் தையல் போடும் ஐந்து மெஷினுக்கு மட்டும் ஊசி விளக்கு. காசு குறைவு, ஒன்றுதான் முடியும் என்றால் மேல் விளக்கை முதலில் மாற்றுங்கள்; ஊசி விளக்கு பிறகு வரட்டும். எல்லா ஹேண்ட் வீலிலும் ஓரமாக ஒரு வெள்ளைப் பெயின்ட் பட்டை அடித்திருக்கிறோம். சித்தியின் யோசனை அது. விளக்கு கெட்டுப்போக ஆரம்பித்தால் முதலில் அந்தப் பட்டைதான் காட்டிக்கொடுக்கும் என்றார்.

சொன்னபடியே நடந்தது. இந்த வருடம் கத்திரி முடிந்த வாரத்தில், மேற்குச் சுவர் ஓரத்து மெஷினில் வெள்ளைப் பட்டை மூன்றாகத் தெரிகிறது என்று அந்த மெஷினில் உட்காரும் பெண்ணே வந்து சொன்னாள். பேனாவை எடுத்துக்கொண்டு போய் வீசிப் பார்த்தேன். சீப்புப் பல். பக்கத்து ட்யூப்பும் அப்படியே. இரண்டையும் கழற்றி அன்றைக்கே மாற்றினோம். மற்ற பதினாறும் இன்னும் நன்றாக இருக்கின்றன.